காற்று வரும் பக்கம்

உத்திரமேரூர்
10-10-1957

ராயபுரம் படகுப் பட்டறைத் தச்சர் தானியேலுக்கு, ஓவர்சியர் தாண்டவராயன் எழுதுவது.

நீர் செய்து அனுப்பிய பாய்ப்படகு சென்ற வெள்ளிக்கிழமை லாரியில் வந்து சேர்ந்தது. இறக்கியவுடன் வரைபடத்தை விரித்து வைத்து அளந்தேன். நீளம் பன்னிரண்டு அடி, சரி. பாய்மரம் பதினொன்றரை அடி, சரி. நடு அகலம் மட்டும் நாலரை அடிக்குப் பதிலாக நாலு அடி எட்டு அங்குலம் இருக்கிறது. இரண்டு அங்குலம் கூடியதற்குக் காரணம் எழுதவும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வரைபடமும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையேல் வரைபடத்தைத் திருத்திவிட வேண்டும் என்பது என் வழக்கம்.

வேலையில் பழுதில்லை. பலகையின் விளிம்பின்மேல் அடுத்த பலகையை ஏற்றிச் செப்பாணி அடித்த இடங்களில் முதல் நாள் நீர் கசிந்தது. மரம் ஊறியதும் நின்றுவிட்டது.

இந்த ஏரியின் கரை மூன்று மைல். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கரைமேல் வண்டியும் போகாது, சைக்கிளும் போகாது. கடைசி மதகைப் பார்த்துத் திரும்ப அரை நாள் ஆகிவிடும். சென்னைத் துறைமுகத்தில் வேலை பழகிய நாட்களில் இதே மாதிரியான டிங்கியில் பாய் பிடிக்கக் கற்றவன் என்பதால், இலாகாவுக்கு நான்கு முறை எழுதி இதற்கு அனுமதி பெற்றேன். நேற்று கடைசி மதகை ஐம்பது நிமிஷத்தில் அடைந்தோம்.

அடைந்தோம் என்றது என்னையும் உம்முடைய தம்பி ஏசுதாஸையும். மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக அவன் என்னிடம் ஆறு வருஷமாக இருக்கிறான். படகிலும் அவனே துணையாள். நான்கு விதிகளைத் தகரத்தில் பெயின்டால் எழுதிப் படகின் உட்புறம் அறைந்திருக்கிறேன். ஒன்று, இருவருக்கு மேல் ஏறக்கூடாது. இரண்டு, தாமானை, அதாவது பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, எதிலும் கட்டக்கூடாது. கையில்தான் இருக்க வேண்டும். மூன்று, காற்று வரும் பக்கத்துப் பலகையில் இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். நான்கு, ஓடும் படகில் எழுந்து நிற்கக்கூடாது.

மூன்றாவது விதிக்கு ஏசுதாஸ் தயங்கினான். என் பக்கத்தில், ஒரே பலகையில் உட்காருவது எப்படி என்றான். தகரத்தைக் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தான், உட்கார்ந்தான். விதி என்றால் எல்லாருக்கும் விதி.

தாண்டவராயன்


ராயபுரம்
19-10-1957

மதிப்பிற்குரிய ஓவர்சியர் ஐயா அவர்களுக்குத் தானியேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இரண்டு அங்குலத்தைக் கேட்டிருந்தீர்கள். வரைபடத்தில் உள்ளது துறைமுகத்துப் படகு. அங்கே அடியில் ஈயக் கட்டிகளைப் போட்டுக் கனம் ஏற்றிக்கொள்வார்கள். ஏரிப் படகில் ஈயம் இல்லை. ஏறி உட்காரும் ஆள்தான் கனம். பாய் ஒரு பக்கம் தள்ளும்போது ஆள் மறுபக்கம் உட்கார்ந்து ஈடு கொடுக்க வேண்டும். கொஞ்சம் அகலம் இருந்தால் ஈடு கொடுக்க இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும் என்று கூட்டினேன். என் தம்பி ஏறப்போகும் படகு என்பதும் மனதில் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. வரைபடத்தைத் தாங்கள் திருத்திக்கொள்ளலாம்.

எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாடைக் காற்று கடலில் ஒரே சீராக வரும். கரையும் மரமும் சூழ்ந்த ஏரியில் விட்டு விட்டு வரும். தண்ணீர் கறுத்துச் சுருங்கிக்கொண்டே வருவது தெரிந்தால் காற்று வருகிறது என்று அர்த்தம். அப்போது யோசிக்க நேரம் இருக்காது. தாமானை விட்டுவிட வேண்டியதுதான். பாய் கொடிபோல் அடித்துக்கொள்ளும், படகு நிமிர்ந்துவிடும்.

ஏசுதாஸ் கார்டு போட்டிருந்தான். மானாம்பதிப் பள்ளிக்கூடத்தில் எங்களோடு படித்தவர்களெல்லாம் சிரிக்கும்படி எழுதுவான், இப்போதும் அப்படியே. “ஐயா பக்கத்துலயே குந்திக்கினு போறேண்ணா. கரையில பாக்கறவனுக்கெல்லாம் பேஜாரா கீது. அதுனால கரை கிட்ட வந்தா படகுக்குள்ளயே கீழ எறங்கிக் குந்திக்கிறேன், நடு ஏரியில மறுபடி பலகை மேல ஏறிக்கிறேன். தண்ணியில ஒரு சாதி, கரையில ஒரு சாதி எனக்கு” என்று எழுதியிருந்தான். தாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் இதைச் சொல்கிறேன்.

தானியேல்


உத்திரமேரூர்
12-12-1957

தச்சர் தானியேலுக்கு,

தந்தி கிடைத்து நீர் எட்டாம் தேதி வந்து அடக்கத்தை முடித்துச் சென்றதாக அறிந்தேன். காய்ச்சலாகக் கிடந்ததால் பார்க்க இயலவில்லை. நடந்ததை எழுத்தில் தெரிவிப்பது என் கடமை.

சென்ற ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, கடைசி மதகிலிருந்து திரும்பும்போது, ஏரியின் நடுவே எதிர்பாராத காற்று வீசிப் படகு கவிழ்ந்தது. காற்றுப் பிடிக்கும் பரப்பைக் குறைக்கப் பாய் இரண்டு சுருக்கு சுருக்கியே கட்டப்பட்டிருந்தது. உம்முடைய தம்பி அச்சமயம் காற்று வரும் பக்கத்தில் உட்காராமல் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இது மூன்றாம் விதிக்கு மாறானது. படகு அவன் பக்கமாகச் சாய்ந்து, பாய் அவன்மேல் விழுந்து, பாயின் அடியில் அகப்பட்டுக்கொண்டான். நீந்தத் தெரிந்தவன் என்றபோதிலும் வெளியே வர இயலவில்லை. மீட்க முயன்றேன். பலனில்லை.

இலாகாவுக்கு நான் அளித்த வாக்குமூலத்திலும் இவ்வாறே எழுதியிருக்கிறேன். விசாரணை நடந்து வருகிறது.

ஆறு வருஷத்தில் அவன்மேல் ஒரு புகார் வந்ததில்லை. என் ஆழ்ந்த வருத்தத்தை ஏற்றுக்கொள்ளவும்.

தாண்டவராயன்


ராயபுரம்
20-12-1957

ஓவர்சியர் ஐயா அவர்களுக்கு,

சுகம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

எட்டாம் தேதி அடக்கம் முடிந்ததும் தங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். அம்மா வெளியே வந்து, ஐயா படுத்திருக்கிறார், பார்க்க முடியாது என்றார்கள். திரும்பும் வழியில் படகைக் கரையில் இழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். சுற்றி வந்து பார்த்தேன். பாய்மரம் முறியவில்லை, பலகை பிளக்கவில்லை, சுக்கான் கழலவில்லை. படகு தன் வேலையைச் செய்திருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

தம்பி எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று எழுதவில்லை. அந்த விதியைத் தகரத்தைப் பார்த்து வாய்விட்டுப் படித்தவன் அவன். இரண்டு மாதம் அந்தப் பக்கமே உட்கார்ந்து பழகியவன். நடு ஏரியில், காற்றடிக்கும்போது, தானாக எதிர்ப்பக்கம் போய் உட்காருவானா? தாமான் யார் கையில் இருந்தது? அது எப்போது விடப்பட்டது? இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும்.

எதற்காக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செங்கற்பட்டிலிருந்து வந்த குமாஸ்தா என் தம்பி மனைவி செங்கேணியிடம் சொல்லிப் போயிருக்கிறார். தன் கவனக்குறைவால் இறந்தான் என்று கோப்பில் இருக்கிறதாம். ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி விசாரணை முடியும்போதும் அந்த வரி அப்படியே இருந்தால், அவளுக்கு இலாகாவில் எந்த வேலையும் கிடையாது. மதகடி லஸ்கர் குடிசையையும் காலி செய்ய வேண்டும். இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் மலர்க்கொடி பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளிடம், எங்கள் அப்பா ஒன்றும் தப்புப் பண்ணவில்லை என்று சண்டை போட்டுவிட்டு வருகிறாளாம். அது தெரிந்து சொல்கிறதா, தெரியாமல் சொல்கிறதா என்று எனக்குத் தெரியவேண்டும்.

தானியேல்


உத்திரமேரூர்
28-12-1957

தச்சர் தானியேலுக்கு,

விசாரணையில் உள்ள ஒரு விஷயத்தைப் பற்றி இலாகாவுக்கு வெளியே உள்ளவரோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வது முறையன்று. ஆயினும் இறந்தவனின் மூத்த சகோதரர் என்பதால் இந்த ஒரு முறை எழுதுகிறேன்.

அவன் ஏன் அப்பக்கம் உட்கார்ந்தான் என்பதை என்னால் கூற இயலாது. ஒருவர் மனதில் இருந்ததை இன்னொருவர் வாக்குமூலமாக எழுத முடியாது. தாமான் என் கையில் இருந்தது. விட்டேன். விட்டபோது பாயின் நுனி நீரில் இருந்தது.

படகின்மேல் நான் குறை எதுவும் எழுதவில்லை என்பதை நீர் கவனிக்க வேண்டும். இரண்டு அங்குலம் கூடியிருந்ததைக்கூட நான் குறிப்பிடவில்லை.

குடிசை விஷயமாக, மாசி மாதம் வரையில் காலி செய்யச் சொல்லாமல் இருக்க என்னால் ஆனதைச் செய்கிறேன். இதற்கு மேல் எழுதுவதற்கு இல்லை.

தாண்டவராயன்


ராயபுரம்
7-1-1958

ஓவர்சியர் ஐயா அவர்களுக்கு,

மனதில் இருந்ததைச் சொல்ல முடியாது என்றீர்கள். சரி. தண்ணீரில் நடந்ததைக் கேட்கிறேன். அது என் தொழில்.

தங்களுக்கு அனுப்பிய படகின் அச்சிலேயே எங்கள் பட்டறையில் இன்னொன்று செய்து வைத்திருக்கிறோம். புத்தாண்டன்று ஆராதனை முடிந்ததும் அதை உப்பங்கழியில் இறக்கினேன். நல்ல வாடை. பாயை இரண்டு சுருக்கு சுருக்கினேன். தாங்கள் எழுதியபடியே சுக்கானோடு நான் காற்று வரும் பக்கம் உட்கார்ந்து, என் சிநேகிதன் சாமுவேலை எதிர்ப்பக்கம் உட்காரவைத்தேன். அவன் எடை ஏசுதாஸ் எடைதான். படகு சாய்ந்தது, விளிம்பு நனைந்தது, இரண்டு சொம்புத் தண்ணீர் உள்ளே வந்தது. தாமானை விட்டேன். நிமிர்ந்துவிட்டது. வேண்டுமென்றே தாமதமாக விட்டுப் பார்த்தேன். அப்போதும் நிமிர்ந்தது. ஆறு முறை செய்தோம். சாமுவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னை முக்கி முக்கி எடுக்கறியே, நான் இன்னா பழைய துணியாடா?” என்றான்.

பிறகு நூற்றறுபது ராத்தல் மணல் மூட்டை ஒன்றை நடுப்பலகையில் வைத்துப் போனேன். படகு அமுங்கியே ஓடியது. சாய்ந்தபோது மூட்டை சரிந்து சாமுவேல் பக்கம் உருண்டது. தாமானை விட்டும் படகு திரும்பவில்லை. கவிழ்ந்தது. பாய் சாமுவேல்மேல்தான் விழுந்தது. நான் தயாராக இருந்ததால் அவனை இழுத்துவிட்டேன்.

இருவர் போன படகு அப்படிக் கவிழாது, ஐயா. மூன்றாவது எடை ஒன்று நடுவில் இருந்திருக்கிறது.

இதைச் செங்கேணிக்கு எழுதினேன். அவள் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்த பதில் நேற்று வந்தது. அன்று மாலை கடைசி மதகுக்குக் கீழே உள்ள வயலில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தாளாம். அது கன்னியப்பனுடைய வயல். பொழுது இறங்கும் நேரத்தில் கன்னியப்பன் தலைமுதல் கால்வரை நனைந்து, செருப்பில்லாமல், வரப்பின்மேல் தனியாக நடந்து போனதைப் பார்த்திருக்கிறாள். மழை இல்லை. ஏன் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்கிற இடத்திலும் அவள் இல்லை.

கன்னியப்பன் தங்களுக்கு என்ன உறவு என்பது ஊருக்கே தெரியும். முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் இருபத்துநான்கு நாள் இருக்கிறது.

தானியேல்


உத்திரமேரூர்
15-1-1958

தானியேலுக்கு,

உம்முடைய கடிதத்திற்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். நேற்று பொங்கல். வீட்டில் பால் பொங்கியது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

மூன்றாவது எடை பற்றி நீர் எழுதியதை நான் மறுக்கப் போவதில்லை. உமது சோதனையில் தவறு காண முயன்றேன். காண முடியவில்லை.

கன்னியப்பன் என் மனைவி சுலோச்சனாவின் அண்ணன். தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். நான் காய்ச்சலில் கிடந்தபோது, வாக்குமூலம் எழுத ஆள் வரும் முன்பே, அவள் என் கட்டிலருகில் வந்து நின்று சொன்னது இவ்வளவுதான்: “எங்க அண்ணன் பேரு அந்தக் காயிதத்துல வரக்கூடாதுங்க.” வரவில்லை. நான் எழுதிய வாக்குமூலத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதியவை எல்லாம் உண்மை. எழுதாமல் விட்டதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நீர்தான் கேட்டீர்.

எனக்குச் சிறிது அவகாசம் வேண்டும். அதற்கிடையில், இலாகாவுக்கு வெளியே, வாலாஜாபாத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நெல் மில்லில் செங்கேணிக்கு வேலைக்குச் சிபாரிசு செய்ய முடியும். குழந்தைகளின் படிப்புக்கும் ஏதாவது செய்ய விரும்புகிறேன். யோசித்து எழுதவும்.

தாண்டவராயன்


ராயபுரம்
18-1-1958

ஐயா,

சிபாரிசு வேண்டாம்.

கன்னியப்பன் ஏறினார், படகு தாங்கவில்லை. இவ்வளவு என்றால் விபத்து என்று நானும் விட்டுவிடுவேன். ஆனால் என் தம்பி ஏன் அந்தப் பக்கம் போனான் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. கவிழும் படகில் காற்று போகும் பக்கம் இருப்பவன்மேல்தான் பாய் விழும். படகு செய்கிறவன் எவனும் இதைச் சொல்வான். அந்த இடத்தை அவனுக்குக் கொடுத்தது யார்?

கோப்பில் அவன் கவனக்குறைவு என்று இருக்கிறது. அவன் கவனம் எங்கே இருந்தது என்று பார்த்தவர் தாங்கள் ஒருவர்தான். வரைபடத்தில் இரண்டு அங்குலம் தப்பினால் தூக்கம் வராதவர் தாங்கள். இதைத் தப்பாகவே விட்டுவிடுவீர்களா?

தானியேல்


உத்திரமேரூர்
25-1-1958

திரு. தானியேல் அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். உங்களுக்கு எழுதும் இதையே வாக்குமூலமாகவும் தனியே எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

6-12-1957 மாலை நாலு மணி சுமார். கடைசி மதகில் என் மைத்துனர் நின்றிருந்தார். கரை சேறாக இருக்கிறது, படகிலேயே வந்துவிடுகிறேன் என்றார். முதல் விதிக்கு அது மாறு. நான் சொல்லவில்லை. மனைவியின் அண்ணனிடம் தகரத்தைக் காட்டுவது எப்படி என்று தோன்றியது. அவர் ஏறி, மாட்டு வண்டியில் உட்காருவதுபோல் நடுப்பலகையில் காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். விளிம்பில் உட்காரப் பயம்.

பிறகு ஏசுதாஸை அல்ல, என்னைக் கேட்டார்: “இவன் எங்க குந்துவான், மாப்ளே?”

என் பக்கத்தில் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதமாக அவன் உட்கார்ந்து வந்த இடம் அது. நடு ஏரியில் அவனும் நானும் தோளோடு தோளாக உட்கார்ந்து, அவன் சொல்லும் கதைகளுக்கு நான் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கரை நெருங்கும்போது அவன் கீழே இறங்கிக்கொள்வதைத் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்தும் ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. விதி எல்லாருக்கும் விதி என்று உங்களுக்கு எழுதியவன், அது யாரும் பார்க்காத இடத்தில் மட்டும் விதி என்று ஒப்புக்கொண்டவன் ஆனேன். அன்று மைத்துனரின் கேள்விக்குப் பதில் சொல்லாமல், சுக்கானைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“நான் கீழ குந்திக்கிறேங்க” என்று ஏசுதாஸே சொன்னான். கன்னியப்பனின் கால் ஒரு பக்கத்தை அடைத்திருந்தது. மறுபக்கம், காற்று போகும் பக்கத்து அடிப்பலகையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தாமானை என்னிடம் கொடுத்துவிட்டான்.

பாதித் தூரம் வந்தோம். வடகிழக்கே தண்ணீர் கறுத்து வருவதை நீங்கள் எழுதியிருந்தபடியே கண்டேன். முதல் வீச்சில் படகு சாய்ந்தது. ஏசுதாஸ் என்னைப் பார்த்தான். என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு கையை நடுப்பலகையில் ஊன்றி, எழுவதற்கு ஆயத்தமாக இருந்தான். என் பக்கம் வருவதானால் கன்னியப்பனின் காலைத் தாண்டி, அவர் தோளை உரசிக்கொண்டு வர வேண்டும். வா என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் வந்திருப்பான். அதற்காகத்தான் பார்த்தான். நான் சொல்லவில்லை.

அது எவ்வளவு நேரம் என்று பல முறை கணக்கிட்டேன். ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும். தாமான் என் கையிலேயே இருந்தது. அதை விட்டிருந்தாலும் போதும். அந்த நேரத்தில் நான் காற்றை நினைக்கவில்லை, கயிற்றை நினைக்கவில்லை. மைத்துனர் என்ன நினைப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வீச்சில் கன்னியப்பன் சரிந்து ஏசுதாஸ்மேல் விழுந்தார். படகு புரண்டது. நான் முதலில் பிடித்தது கன்னியப்பனை. நீந்தத் தெரியாதவர் என்பது நான் சொல்லும் காரணம். அது மட்டுமே காரணமா என்பதை என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை. அவரை ஆழமில்லாத இடத்துக்கு இழுத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பாயைத் தூக்கினேன். ஏசுதாஸின் கைகள் பாய்த்துணியை உள்ளிருந்து பற்றியிருந்தன. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கன்னியப்பன் கரையேறி, நான் கூப்பிடுவது காதில் விழாததுபோல் தன் வயல் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டார்.

ஆகவே அவனுக்கு அந்த இடத்தைக் கொடுத்தவன் நான். கவனக்குறைவு என்னுடையது. அவன் கவனம் முழுவதும் என் முகத்தில் இருந்தது.

வாக்குமூலத்தை நானே பதிவுத் தபாலில் செங்கற்பட்டுக்கு அனுப்புவதுதான் முறை. நேற்றும் இன்றும் தபாலாபீஸ் வாசல்வரை போய்த் திரும்பினேன். என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் உங்களுக்கு அனுப்புகிறேன். கொடுப்பது உங்கள் விருப்பம். மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியாமலே கேட்கிறேன்.

தாண்டவராயன்


ராயபுரம்
9-2-1958

ஓவர்சியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் வாக்குமூலமும் இருபத்தேழாம் தேதி கிடைத்தன. அன்றே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

கொடுப்பது உங்கள் விருப்பம் என்று எழுதிவிட்டீர்கள். அந்த வரியைப் பஸ்ஸில் எத்தனையோ முறை படித்தேன். அதைக் கொடுத்தால் கன்னியப்பனுடைய வயலில் எங்கள் தெருப் பெண்களுக்கு நடவு வேலை இருக்காது. கொடுக்காவிட்டால் என் தம்பி தன் குற்றத்தால் செத்தவனாக இருப்பான். இதில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வேலையையும் தாங்கள் எங்கள் தலையில் வைத்தீர்கள். டிசம்பர் மாதமே தங்கள் கையால் எழுதிக் கொடுத்திருந்தால் அது ஓர் அதிகாரியின் வாக்குமூலம். இப்போது நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால், ஊரில் இதைக் கன்னியப்பனுக்கு எதிராக நாங்கள் கிளப்பிய சண்டை என்றுதான் பேசுவார்கள்.

நான் செங்கேணியிடம் இரண்டையும் சொல்லி, இரண்டு நாள் யோசிக்கச் சொன்னேன். அவள் யோசிக்கவில்லை. “கொண்டும்போயி குடு மாமா. நடவு எங்கன்னா கெடைக்கும்” என்றாள்.

முப்பத்தொன்றாம் தேதி காலை செங்கற்பட்டில் கொடுத்தேன். அதிகாரி முழுவதும் படித்தார். ஓவர்சியர் ஏன் நேரில் வரவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தங்கள் கையெழுத்தை வேறொரு காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கோப்பை வரவழைத்து, கவனக்குறைவால் என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்தார். நான் எதிரில் நின்று பார்த்தேன். வேலை விஷயம் மேலே எழுதிக் கேட்க வேண்டுமாம். எப்போது என்று சொல்லவில்லை. தங்களைப் பற்றியும் மேலே எழுதப் போவதாகச் சொன்னார். அது இதற்குள் தங்களுக்கே தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் காலை வயலுக்குப் போன எங்கள் தெருப் பெண்கள் பதினெட்டுப் பேரையும் வரப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரும் செங்கேணியைக் குறை சொல்லவில்லை, ஆனால் யாரும் அவளிடம் பேசவும் இல்லை. அவளையும் குழந்தைகளையும் இங்கே அழைத்து வந்துவிட்டேன். குடிசை காலியாகத்தான் இருக்கிறது. சாவியைப் பக்கத்து மதகு லஸ்கரிடம் கொடுத்திருக்கிறோம். பெற்றுக்கொள்ளவும்.

மன்னிப்பைப் பற்றி நான் எழுதுவதற்கில்லை. கேட்க வேண்டியது என்னிடம் அல்ல. அதனால் தங்கள் கடிதத்தை, வாக்குமூலத்தை அல்ல, கடிதத்தை, செங்கேணிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. விரல்களைப் பிரித்த இடத்தில் குழந்தையை வெளியே போய் விளையாடச் சொன்னாள், அவ்வளவுதான். முடிந்ததும், அவன் தங்களைப் பார்த்தான் என்கிற இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். தங்கள்மேல் கோபமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் அதை எழுதி இந்தக் கடிதத்தை முடித்திருப்பேன்.

அவள் சொன்னது இது: “அவரு எப்பவும் அப்டித்தான் மாமா. வூட்டுல சோறு போட்டு வெச்சாக்கூட, வாய்யா துன்னுன்னு நான் கூப்ட்டாத்தான் வருவாரு. அதுவரிக்கும் மூஞ்சியப் பாத்துக்கினு குந்திக்கினே இருப்பாரு.”

தானியேல்